பச்சை ரத்தம்

உப்பளங்கள் சூழ்ந்த மரக்காணத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழா. பட்டிமன்றத்துக்கு என்னை நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள். 'துப்பாக்கி விளையாட்டு: பொழுதுபோக்கா, போதையா?' என்பது தலைப்பு. மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த துணியில் யாரோ ஒரு பையன் இயந்திரத் துப்பாக்கி ஒன்றை வரைந்திருந்தான். தோட்டாப் பெட்டியின் வளைவு, தோளில் பொருந்தும் கட்டை, குறிபார்க்கும் குழாய் எல்லாம் அச்சு அசல். இந்தப் பக்கத்தில் ஒரு பிள்ளை நேரில் பார்க்க வாய்ப்புள்ள துப்பாக்கி என்றால் போலீஸ்காரர் தோளில் தொங்கும் ரைபிள், அல்லது முன்பெல்லாம் கழுவெளி ஏரியில் பறவை சுட வருகிறவர்கள் வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கி. 2021இல் கழுவெளி சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பிறகு இரண்டாவதைப் பார்க்கவும் வழியில்லை. ஆனாலும் பையனுக்குக் கை தடுமாறவில்லை. ஆசிரியர்களும் அழிக்கச் சொல்லவில்லை. நன்றாக வரைந்திருந்தான், அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

பட்டிமன்றம் நமக்குப் பழகிய சடங்கு. அணிக்கு மூவர், நடுநடுவே நடுவரின் நகைச்சுவை, கடைசியில் இரு பக்கத்தையும் மனம் கோணாமல் அனுப்பிவைக்கிற ஒரு தீர்ப்பு. 'போதையே' அணியில் பேசிய ஒன்பதாம் வகுப்பு மாணவி லக்னோவை எடுத்தாள். 2022 ஜூனில் அங்கே பதினாறு வயதுப் பையன் ஒருவன் தன் தாயைச் சுட்டுக் கொன்றான். பப்ஜி விளையாடக் கூடாது என்று அவர் தடுத்ததுதான் காரணம் என்று போலீஸ் சொன்னது. அந்தப் பெண் இதைச் சொன்னபோது கொட்டகையில் சத்தம் அடங்கியது. எதிரணிப் பையன் எழுந்து, ஜப்பானிலும் கொரியாவிலும் நம்மைவிட அதிகமாக விளையாடுகிறார்கள், அங்கே ஏன் யாரும் சுட்டுக்கொள்வதில்லை என்று கேட்டான். கைதட்டல். நான் ஏதோ ஒரு ஜோக் சொன்னேன். கடைசியில் அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்கிற, எந்தத் தலைப்புக்கும் செல்லுபடியாகும் தீர்ப்பைச் சொல்லிவிட்டுச் சால்வையோடு இறங்கினேன். இறங்கும்போதே நாக்கு கசந்தது.

லக்னோ சம்பவத்தில் ஒரு விவரத்தை இரண்டு அணியும் தொடவில்லை. நானும் தொடவில்லை. பையன் சுட்டது அப்பாவின் உரிமம் பெற்ற கைத்துப்பாக்கியால். அப்பா ராணுவத்தில் இருந்தார், வெளிமாநிலத்தில் பணி. துப்பாக்கி வீட்டில் இருந்தது, பையனின் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது. பப்ஜியோ 2020 செப்டம்பரிலேயே 118 செயலிகளில் ஒன்றாகத் தடை செய்யப்பட்டிருந்தது. தடைப்பட்ட விளையாட்டைப் பற்றி நாடு முழுக்கப் பேசியது. வீட்டில் இருந்த நிஜத் துப்பாக்கியைப் பற்றிப் பேச யாருக்கும் பட்டிமன்றத் தலைப்பு தோன்றவில்லை. லக்னோ சம்பவத்துக்கு அடுத்த மாதமே ஜப்பானில் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபேயை ஒருவன் தானே செய்த துப்பாக்கியால் சுட்டுக் கொன்றான். அவன் சொன்ன காரணம் ஒரு மதக்குழுவின் மீது இருந்த வஞ்சம். எதிரணிப் பையனிடம் இதைச் சொல்லியிருந்தால் அவன் வாதம் கொஞ்சம் தடுமாறியிருக்கும், பிறகு இன்னும் பலப்பட்டிருக்கும்.

இந்தச் சண்டை நம்முடையதே இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அமெரிக்காவிலிருந்து இறக்குமதியானது. 1999இல் கொலம்பைன் பள்ளியில் இரண்டு மாணவர்கள் சக மாணவர்களைச் சுட்டபோது அவர்கள் 'டூம்' என்ற விளையாட்டை விளையாடியவர்கள் என்று பேச்சு எழுந்தது. அதன்பிறகு பள்ளிக்கூடத்தில் துப்பாக்கி வெடிக்கும்போதெல்லாம் விளையாட்டின் பெயரும் கூடவே வெடிக்கும். 2011இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், சிறுவர்களுக்கு வன்முறை விளையாட்டு விற்பதைத் தடுத்த கலிஃபோர்னியாவின் சட்டத்தை ரத்து செய்தது. 2020இல் அமெரிக்க உளவியலாளர் சங்கம், விளையாட்டில் சுடுவதால் வெளியிலும் கொலைவெறி வரும் என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்றது. சின்னச் சின்ன முரட்டுத்தனம் கூடலாம், அதற்கு மேல் இல்லை என்பது அவர்கள் கணக்கு. இத்தனைக்குப் பிறகும் அங்கே பேச்சு ஓயாததற்குக் காரணம் எளிது. துப்பாக்கியைப் பற்றிப் பேசினால் ஓட்டுப் போகும். விளையாட்டைப் பற்றிப் பேசினால் பெற்றோர் தலையாட்டுவார்கள். துப்பாக்கி கடையில் சுலபமாகக் கிடைக்காத நம் ஊருக்கு அந்த வாதம் மட்டும் தனியாகக் கப்பலேறி வந்திருக்கிறது.

நமக்கென்று துப்பாக்கி வரலாறு இல்லாமலும் இல்லை. மரக்காணத்துக்கு வடக்கே கடப்பாக்கத்தில் ஆலம்பரைக் கோட்டை இடிந்து கிடக்கிறது. 1750இல் அது பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போனது, 1760இல் ஆங்கிலேயர் பிடித்து உடைத்தார்கள். இன்று ஞாயிற்றுக்கிழமைகளில் இளைஞர்கள் அந்தச் சுவர்மேல் ஏறி ரீல்ஸ் எடுக்கிறார்கள். அது பழங்கதை. விழுப்புரத்துக்காரர்கள் சொல்லும் துப்பாக்கிக் கதை 1987 செப்டம்பருடையது. வன்னியர் இடஒதுக்கீட்டுக்காகச் சாலை மறியல் நடந்த அந்த வாரத்தில் போலீஸ் சுட்டதில் 21 பேர் செத்தார்கள். அவர்களுக்கு மணிமண்டபம் விழுப்புரத்தில் 2025 ஜனவரியில்தான் திறக்கப்பட்டது. இன்னொரு உப்பு ஊரான தூத்துக்குடியில் 2018 மே 22, 23 தேதிகளில் நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் விசாரித்து, போலீஸ் வரம்பு மீறியது என்று அறிக்கை கொடுத்தது. இந்த இரண்டு இடத்திலும் சுட்டவர்கள் எந்தச் செல்போன் விளையாட்டையும் ஆடிவிட்டு வந்தவர்கள் என்று யாரும் சொல்லவில்லை. உத்தரவும் சீருடையும் இருந்தன, அவ்வளவுதான். துப்பாக்கியே இல்லாமலும் வன்முறை வரும் என்பதற்கு மரக்காணமே சாட்சி. 2013 ஏப்ரலில் சித்ரா பௌர்ணமி அன்று இந்தக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் குடிசைகள் எரிந்தன. தீக்குச்சி போதுமாக இருந்தது.

புதுச்சேரி போகும் வழியில் கீழ்ப்புத்துப்பட்டில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் அங்கே ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். திண்ணையில் அவர் மகன் ஃப்ரீ ஃபயர் ஆடிக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவனுடைய அம்மம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். போனிலிருந்து படபடவென்று வெடிச் சத்தம். நான் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். நடுங்குவார், அழுவார், போனைப் பிடுங்குவார் என்று ஏதோ எதிர்பார்த்தேன் போல. அவர் சுளகைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

"உது பிழை தம்பி."

"என்ன பிழை அம்மம்மா?"

"தூரத்தில இருந்து சுட்டால் முதல்ல ஆள் விழும். சத்தம் பிறகுதான் வரும். உவங்கள் மாறிச் செய்து வைச்சிருக்கிறாங்கள்."

பையன், "இது கேம்தானே" என்றான். "அதுதான் சொல்லுறன்" என்று அவர் சுளகை எடுத்துக்கொண்டார். பிறகு பள்ளிப் பாடநூல்களைப் புரட்டிப் பார்த்தேன். அவர் சொன்னது இயற்பியல்படி சரி, ரைபிள் குண்டு ஒலியைவிட வேகமாக ஓடும். அவர் அதை எந்தப் பாடநூலிலும் படித்தவர் இல்லை. பேரனை அவர் தடுக்கவில்லை. பதினைந்து வயதில் நிஜத் துப்பாக்கி தூக்கிய பிள்ளைகளை அவர் ஊரில் பார்த்திருப்பார். பேரன் கையில் இருப்பது கண்ணாடிச் சில்லு என்பதில் அவருக்கு எந்தக் குழப்பமும் இல்லை.

சரி, துப்பாக்கி போகட்டும். போதை?

அந்தச் சொல்லை மேடையில் அந்தப் பெண் உச்சரித்தபோது முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தாய்மார்களைக் கவனித்தேன். மரக்காணத்தை ஒட்டிய எக்கியார்குப்பத்தில் 2023 மே மாதம் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 14 பேர் செத்தார்கள். இந்தக் கரையில் போதை என்ற சொல்லுக்குச் சுடுகாடு உண்டு. அதே சொல்லை ஒரு செல்போன் விளையாட்டுக்கும் பயன்படுத்தும்போது ஒன்று விளையாட்டு பெரிதாகிவிடுகிறது, அல்லது சாராயம் சின்னதாகிவிடுகிறது. எனக்கு இரண்டிலும் உடன்பாடு இல்லை.

ஆனால் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பட்டிமன்றத்துக்குத் தயாராவதற்காக, பப்ஜியின் இந்திய அவதாரமான பிஜிஎம்ஐயை என் போனில் இறக்கி மூன்று வாரம் ஆடினேன். விமானத்திலிருந்து நூறு பேர் குதிக்கிறார்கள். கடைசிவரை உயிரோடு இருப்பவர் ஜெயிப்பார். வட்டம் ஒன்று சுருங்கிக்கொண்டே வரும், வெளியே நின்றால் சாவு. முதல் நாள் இரண்டாவது நிமிடத்தில் என்னைச் சுட்டார்கள். என் அணியில் இருந்தவன் குரல் உடையாத பையன். "அங்கிள், ஓடாதீங்க, படுத்துக்குங்க" என்று தமிழில் அக்கறையாகச் சொன்னான். என் வயது அவனுக்கு எப்படித் தெரிந்தது என்பது இன்றைக்கும் விளங்கவில்லை. ஓடிய விதத்திலேயே தெரிந்திருக்கும்.

இந்த விளையாட்டில் அடிபட்டால் ரத்தம் சிவப்பாக வராது. இந்தியாவுக்கென்று 2021இல் திருத்தி வெளியிட்டபோது ரத்தத்தைப் பச்சையாக்கிவிட்டார்கள். 'கொன்றான்' என்று வராது, 'முடித்தான்' என்று வரும். நம் பிள்ளைகளின் மனம் கெடக்கூடாதாம். பச்சை ரத்தத்தைப் பார்த்து முதலில் சிரித்தேன். பிறகு யோசித்தேன். நம் பயம் எங்கே என்று கம்பெனிக்குத் தெரிந்திருக்கிறது. நாம் பயப்படுகிற இடத்தில் வண்ணம் பூசிவிட்டார்கள். நாம் பயப்படாத இடத்தில் கை வைக்கவில்லை.

எது அந்த இடம்? மூன்று வாரத்தில் எனக்குச் சுடுவதில் ருசியே பிறக்கவில்லை. ஏதாவது வீட்டுக் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒளிந்திருப்பதுதான் என் உத்தி. ஆனாலும் தினமும் திறந்தேன். தினம் ஒரு பரிசு தருவார்கள், ஏழாம் நாள் பெரிய பரிசு. ஆறாம் நாள் ஒரு துக்க வீட்டுக்குப் போய்விட்டு இரவு பதினொன்றரைக்கு வந்தேன். குளித்துவிட்டுப் படுக்காமல் போனைத் திறந்தேன், நாளைய பரிசு அறுந்துவிடக் கூடாது என்று. பெட்டி ஒன்று அதிர்ந்து திறந்தது. உள்ளே ஒரு சட்டை. என் பொம்மைக்கு. ஐம்பதைத் தாண்டியவன் நான், அன்று செத்தவர் என் பால்ய நண்பர். மேடையில் இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களை வைத்துப் பார்த்த சோதனை உண்டு. ஒவ்வொரு கொத்துக்கும் தானியம் விழுந்தால் புறா வயிறு நிறைந்ததும் நிறுத்திவிடும். எத்தனையாவது கொத்துக்கு விழும் என்று தெரியாமல் வைத்தால் கொத்திக்கொண்டே இருக்கும். சூதாட்ட இயந்திரத்தின் இருதயம் இதுதான். அதிர்ஷ்டப் பெட்டிகளைக் காசுக்கு விற்பதைப் பெல்ஜியம் 2018லேயே சூதாட்டம் என்று சொல்லித் தடுத்தது. நாம் இணையச் சூதாட்டத்தைத் தடுக்கவில்லையா என்றால், தடுத்தோம். 2022இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் சட்டம் போட்டது, ஆளுநர் திருப்பி அனுப்பினார், மறுபடி நிறைவேற்றி 2023இல் நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு என்று அவற்றை மட்டும் விலக்கியது. 2025 பிப்ரவரியில் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை காசு விளையாட்டு கூடாது என்று விதி வந்தது. ஆகஸ்டில் மத்திய அரசு இணையத்தில் காசு வைத்து ஆடும் எல்லாவற்றுக்கும் தடை போட்டது. அதே சட்டம் இ-ஸ்போர்ட்ஸை முறையான விளையாட்டாக ஏற்றுக்கொண்டது. என் பொம்மைச் சட்டை எந்தப் பிரிவிலும் அகப்படவில்லை. ரம்மியில் தோற்றவன் வீட்டுப் பத்திரத்தைத் தேடுவான். பொம்மைச் சட்டை வாங்குகிற பையன் அம்மாவின் ஜிபே எண்ணைத் தேடுவான். தொகை சிறிது என்பதால் சட்டத்தின் கண்ணுக்கும் சிறிது.

பிஜிஎம்ஐ வெளியானபோது பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கென்று கம்பெனி ஒரு வரம்பு அறிவித்தது: ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம், ஒரு நாளைக்கு 7,000 ரூபாய். கட்டுப்பாடாம். மழைக்காலத்தில் வேலையில்லாமல் இருக்கும் உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்குத் தமிழக அரசு 2022 முதல் தரும் நிவாரணம் 5,000 ரூபாய். அது வருஷத்துக்கு.

அடிக்‌ஷன் என்கிற ஆங்கிலச் சொல்லின் பூர்வீகம் ரோமாபுரி. வாங்கிய கடனைக் கட்ட முடியாதவனை நீதிபதி, கடன் கொடுத்தவன் கையில் ஒப்படைப்பார். அப்படி ஒப்படைக்கப்பட்டவன் அடிக்டஸ். தமிழில் அதை 'அடிமையாதல்' என்று ஆக்கியவர் அறிந்து செய்தாரோ என்னவோ, வேரில் கை வைத்துவிட்டார். உப்பளக்காரர்களிடம் இந்த ரோமக் கதையைச் சொன்னால் அதிசயப்பட மாட்டார்கள். அக்டோபரில் வானம் கறுத்தால் பாத்தி மூழ்கும், ஜனவரி வரை கூலி இல்லை. முன்பணம் வாங்குவார்கள், வெயில் வந்ததும் வேலையில் கழிப்பார்கள். கழிந்து முடியும்போது மறுபடி வானம் கறுக்கும். விளையாட்டும் முன்பணம் கொடுத்துத்தான் பிடிக்கிறது. முதல் பரிசு இலவசம், இரண்டாவதும் இலவசம்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் விளையாட்டுக் கோளாறை நோய்ப் பட்டியலில் சேர்த்தது, 2022 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. நிறுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட விளையாட்டே பெரிதாகிவிடுவது, கேடு வந்தும் தொடர்வது, இதெல்லாம் வழக்கமாக ஒரு வருஷமாவது நீடிக்க வேண்டும். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை 2014லேயே இதற்கெனத் தனிச் சிகிச்சைப் பிரிவு தொடங்கிவிட்டது. ஆக, நோய் உண்டு. விளையாடுகிற எல்லோருக்கும் இல்லை. இதைக் கேட்டால் பட்டிமன்றத்துக்காரர்களுக்குச் சப்பென்று இருக்கும்.

உப்பளத்தில் இப்படிப்பட்ட கேள்விக்கு ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். கண்ணாடி மிதவையைத் தண்ணீரில் விட்டு உப்பின் செறிவை டிகிரியில் பார்ப்பது. கடல் தண்ணீர் மூன்று டிகிரிக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் காயவைத்தால் ஏறும். இருபத்தைந்தில் உப்பு விளையும். முப்பதை நெருங்கவிட்டால் கசப்பு கலந்துவிடும், அதற்குள் மிஞ்சிய தண்ணீரை வடித்துவிட வேண்டும். எல்லாம் ஒரே கடல் தண்ணீர்தான். மூன்று டிகிரியில் குளிக்கலாம், முப்பதில் கால் வெந்துபோகும். இந்தத் தண்ணீர் நல்லதா கெட்டதா என்று மரக்காணத்தில் யாரும் அணி பிரிந்து பேசுவதில்லை. மிதவையைப் போட்டுப் பார்ப்பார்கள். ஒரு பிள்ளையின் டிகிரியைப் பார்க்க அவன் பக்கத்தில் யாராவது உட்கார வேண்டும். விடியுமுன் பாத்திக்குப் போய், வெயிலேறி வந்து, சோறு பொங்கி, அசந்து தூங்குகிற வீட்டில் அது யார் என்பதுதான் என் சங்கடம். பிள்ளையைக் கவனியுங்கள் என்று சால்வை போட்டுக்கொண்டு சொல்லிவிட்டு வருவது சுலபம்.

விழா முடிந்து துணியை அவிழ்த்துக்கொண்டிருந்த பையன்தான் அந்தத் துப்பாக்கியை வரைந்தவன் என்று ஆசிரியர் காட்டினார். ஏழாம் வகுப்பு.

"ராத்திரி பூரா விளையாடுவியா?"

"இல்ல சார். மூணு மணிக்கு அம்மா போன எடுத்துனு போயிடும்."

"எங்க?"

"பாத்திக்கு சார். டார்ச் அடிக்கறதுக்கு."

மறுநாள் விடியுமுன் சாலையோரம் வண்டியை நிறுத்திப் பார்த்தேன். மூவாயிரம் ஏக்கருக்கு மேல் விரிந்த இருட்டில் அங்கங்கே சின்ன வெளிச்சங்கள் குனிந்து நிமிர்ந்தன. சிலர் தலையில் விளக்கு கட்டியிருந்தார்கள். சிலர் போனை ரவிக்கைக்குள் பாதி செருகி, வெளிச்சம் கீழே விழுகிற மாதிரி வைத்திருந்தார்கள். நீளப் பலகை உப்பை வாரிக்கொண்டு வரப்போரம் வரும் சத்தம் மட்டும் கேட்டது.

காலை பத்து மணிக்குத் தெருவில் அந்தப் பையனை மறுபடி பார்த்தேன். சனிக்கிழமை. வாசலில் உட்கார்ந்து அம்மாவின் போனில் சார்ஜர் செருகும் துளையை ஊக்கால் சுரண்டிக்கொண்டிருந்தான். உப்பு பூத்திருந்தது. ஊதினான், மறுபடி சுரண்டினான், சார்ஜரைச் செருகிப் பார்த்தான். ஏறவில்லை. உள்ளே அம்மா தூங்கிக்கொண்டிருந்தார்.